பதிவேட்டில் இல்லாத தாய்

புணே நகரில் முளாவும் முத்தாவும் கலக்கும் இடத்திற்குச் சங்கம் என்று பெயர். பேஷ்வா அரசவைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய தூதுவரான ‘ரெசிடெண்ட்’டின் மாளிகை அங்கே இருந்தது. 1817 நவம்பரில் கட்கிப் போரின்போது அது தீக்கிரையானது. அப்பதவியை வகித்த இருவரின் குடும்பத் தடங்கள், ஆங்கிலேய மூதாதையரைத் தேடுவோர் எங்கே தடைப்படுகிறார்கள் என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

சென்னை, பம்பாய், வங்காள மாகாணங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் படியெடுக்கப்பட்டு லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றில் தந்தையின் பெயரும் பதவியும் கிடைக்கும். தாய் இந்தியப் பெண் எனில், அவ்விடம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும்; அல்லது ‘சுதேசிப் பெண்’ என்ற சொல் மட்டும் நிற்கும்.

சார்லஸ் வாரி மாலெட் 1786இல் புணே வந்து, பத்தாண்டுகளுக்கு மேல் அங்கே பணியாற்றினார். அவரது இல்லத் துணைவி அம்பர் கௌர். அவர்களுடைய பிள்ளைகள் இங்கிலாந்திற்கு அனுப்பப்பட்டனர். தாயகம் திரும்பிய மாலெட், 1799இல் ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸின் மகள் சுசன்னாவை மணந்தார். அம்மணத்தில் பிறந்த எட்டு மகன்களைப் பிரபுக் குடும்ப வம்சாவளி வரிசைப்படுத்துகிறது. அம்பர் கௌரை நமக்குக் காட்டுவதோ, அதே ஜேம்ஸ் வேல்ஸ் புணேயில் தீட்டிய உருவப்படம்.

1798 முதல் 1801 வரை ரெசிடெண்டாக இருந்தவர் வில்லியம் பால்மர். மேற்கிந்தியத் தீவுகளில் மணந்த சாரா வழியாகப் பிறந்த ஜான், கல்கத்தாவின் பெருவணிகரானார். பின்னர் பால்மர் லக்னோவில் ஃபைஸ் பக்ஷ் என்ற பெண்ணுடன் இல்லறம் நடத்தினார். 1780களின் நடுவில் தீட்டப்பட்ட குடும்ப ஓவியத்தில் கணவர், மனைவி, குழந்தைகள் அனைவரும் உள்ளனர். ஒரு மகனுக்கு ஹேஸ்டிங்ஸ் என்று பெயர்: தந்தையின் புரவலர் வாரன் ஹேஸ்டிங்ஸின் நினைவாக. பிள்ளைக்கு இட்ட பெயரும் வம்சாவளி ஆய்வில் ஒரு சான்றே.

இந்த வெறுமை எழுத்தரின் கவனக்குறைவு மட்டுமன்று. 1687இல் கம்பெனி இயக்குநர்கள் சென்னைப் படைவீரர்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவித்தனர். ஞானஸ்நானம் பெறும் குழந்தைக்கு ஒரு வராகன் அளிக்கவும் முன்வந்தனர். ஒரு நூற்றாண்டு கழிந்து, 1791இல், பெற்றோருள் ஒருவர் இந்தியராயினும் அம்மகனுக்குக் கம்பெனியின் குடிமை, படை, கடற்பணிகள் மறுக்கப்பட்டன. அதன்பின் தாயின் பெயரை எழுதுவது மகனின் பிழைப்பை அடைப்பதற்கு ஒப்பாயிற்று. ஃபைஸ் பக்ஷின் மகன் வில்லியம், நிஜாமின் படையில் சேர்ந்து, பிறகு ஐதராபாத்தில் வணிக நிறுவனம் தொடங்கினார்.

எனவே மூதாதையைத் தேடுவோர் தேவாலயப் பதிவோடு நின்றுவிடலாகாது. உயில்களில் துணைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒதுக்கிய தொகைகள், நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள், ஓவியங்கள் ஆகிய அனைத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பாரசீக, மராத்தி, தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தர்கள் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினர். ஆகையால் ஒரே பெயரைப் பல எழுத்துக்கூட்டல்களில் தேடுவதும் தேவை. புணேயே அவ்வேடுகளில் ‘பூனா’ என்றுதான் இருக்கிறது.