விரைவுக் கைத்துப்பாக்கிச் சுடுதல்

25 மீட்டர் தொலைவில் வரிசையாக நிற்கும் ஐந்து இலக்குகளை, இலக்குக்கு ஒரு குண்டு வீதம், 8, 6, 4 வினாடிக் கெடுக்குள் சுடும் ஒலிம்பிக் ஆடவர் போட்டி. துப்பாக்கிக் குழல் .22 அங்குல விட்டமுடையது; தகுதிச் சுற்றில் 60 குண்டுகள், உச்சப் புள்ளி 600. தொடக்கத்தில் கை குறைந்தது 45 பாகை தாழ்ந்திருக்க வேண்டும். சைகை கிடைத்ததும் கையை ஒரே சீராக உயர்த்தி முதல் குண்டைச் சுடுவதே மிகக் கடினம். திறனின் மெய்யான உரைகல் 4 வினாடித் தொடர். ஆகவே, தோட்டாவின்றிக் கையுயர்த்தி விசையழுத்தும் பயிற்சி அடிப்படையாகிறது. வேகம் பின்னரே கூட்டப்படும். இதன் முன்வடிவம் 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. 2012 லண்டனில் இந்தியாவின் விஜய் குமார் வெள்ளி வென்றார். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்விளையாட்டின் முதன்மைக் களம் சுபாங் தேசியச் சுடுதளம். 2017 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியின் சுடுதல் பிரிவு இங்கு நடந்தது. மலேசியாவில் துப்பாக்கி வைத்திருக்க 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம்.