சென்னையில் காற்று மாசும் கட்டுப்பாடும்: மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகியவை சென்னையின் தென், மத்தியப் பகுதிகளில் அமைந்துள்ள குடியிருப்பு, வணிகப் பகுதிகளாகும். வடசென்னையின் எண்ணூர், மணலியைப் போல இங்கு அனல்மின் நிலையமோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையோ இல்லை. ஆயினும் வாகனப் புகை, சாலைப் புழுதி, கட்டுமானத் தூசி, குப்பை எரிப்பு ஆகியவற்றால் இங்குள்ள காற்றும் மாசடைகிறது. ஆலைப் புகைபோக்கியை முதன்மையாகக் கருதி இயற்றப்பட்ட சட்டத்தை, புகைபோக்கி இல்லாத பகுதிகளில் செயல்படுத்துவது எவ்வாறு என்பதே இப்பகுதிகளின் காற்று மாசுக் கட்டுப்பாட்டு வரலாற்றில் தொடர்ந்து வரும் சிக்கலாகும்.

கடற்காற்றின் பங்கு

பகலில் வீசும் கடற்காற்று நகரின் மாசைப் பெருமளவு கலைத்துவிடுகிறது. இதனால் காற்று தூயதாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் மார்கழி, தை மாதங்களின் அதிகாலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்க, அதற்கு மேலுள்ள வெப்பமான காற்று அடுக்கு மூடிபோல் நின்றுவிடுகிறது. அப்போது புகை மேலெழ முடியாமல் தெருவிலேயே தங்குகிறது.

தொடக்கக்காலம்

காற்றைக் கெடுப்பது குற்றம் என்ற விதி புதியதன்று. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 278ஆம் பிரிவின்படி இதற்கு 500 ரூபாய் வரை தண்டம் விதித்தது. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 280ஆம் பிரிவில் இத்தொகை 1,000 ரூபாயாக உள்ளது.

போக்குவரத்தும் தொடக்கத்தில் வேறுவிதமாக இருந்தது. 1895இல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. மாம்பலம் வழியாகச் செல்லும் கடற்கரை–தாம்பரம் இருப்புப்பாதை 1931இல் மின்மயமானது. 1953இல் டிராம் நிறுத்தப்பட்ட பின், சாலைப் போக்குவரத்து பெரும்பாலும் பெட்ரோலையும் டீசலையும் நம்பியதாயிற்று.

1981ஆம் ஆண்டுச் சட்டம்

1972இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாட்டின் முடிவுகளைச் செயல்படுத்தும் வகையில், காற்று (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 1981இல் இயற்றப்பட்டது. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைக்கப்பட்டது. காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஆலை நடத்துவோர் வாரியத்தின் இசைவாணை பெறவேண்டும். வரையறுத்த அளவுக்கு மேல் புகை வெளியிடக் கூடாது.

வாகனங்களுக்கு வழி வேறு. 20ஆம் பிரிவின்படி மாநில அரசு வாரியத்தைக் கலந்தாலோசித்து, வாகனப் பதிவு அதிகாரிகளுக்கு அறிவுரை வழங்கவேண்டும். தெருக் குப்பையும் சாலைப் புழுதியும் மாநகராட்சியின் பொறுப்பு. ஆலை ஒன்றுக்கு வாரியம் நேரடியாக ஆணையிடலாம். பாண்டி பஜாரின் புகைக்கோ பல துறைகள் ஒன்றுசேர வேண்டியுள்ளது.

1984 போபால் பேரழிவுக்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் வந்தது. 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் பொதுமக்களும் நீதிமன்றத்தில் முறையிடலாம்.

வாகனப் புகை

மிகத் தெளிவான மாற்றம் எரிபொருளிலும் எந்திரத்திலும் ஏற்பட்டது. 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமானது. 2000இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. பாரத் நிலை 3 விதிகள் 2005இலும், நிலை 4 விதிகள் 2010இலும் சென்னையில் நடைமுறைக்கு வந்தன. நிலை 6 விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதற்கும் பொருந்தும். இவ்விதிகள் புதிய வாகனங்களுக்கு உரியவை. பழைய வாகனங்களுக்குப் புகைச் சான்றிதழே கட்டுப்பாடு.

போகிப் புகை

மார்கழியின் கடைசி நாளான போகியன்று பழைய பாய், துடைப்பம் போன்றவற்றை எரிப்பது வழக்கம். பின்னாளில் டயரும் நெகிழியும் அதில் சேர்ந்தன. அவற்றின் புகை நச்சுத்தன்மை மிக்கது. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் விழிப்புணர்வுப் பரப்புரை செய்கிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எரியும் தீயைச் சட்டத்தால் மட்டும் அணைக்க இயலாது என்பதால் இப்பரப்புரை முக்கியத்துவம் பெறுகிறது.

தர வரையறை

2009ஆம் ஆண்டு விதிகளின்படி, பிஎம் 2.5 நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. உலகச் சுகாதார அமைப்பு 2021இல் பரிந்துரைத்த அளவு 5 மட்டுமே. எனவே இந்திய வரையறைக்குள் இருக்கும் காற்று, உலக அளவுகோலின்படி எட்டு மடங்கு வரை மாசுள்ளதாக இருக்கலாம்.

இன்றைய நிலை

2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் முதல் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து தூத்துக்குடி மட்டுமே இருந்தது. பின்னர் சென்னையும் சேர்க்கப்பட்டது. 2019இல் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டப் பணி இப்போது மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு சாலைகளில் புழுதியைக் கூட்டினாலும், பின்னாளில் வாகனங்களைக் குறைக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது.

2025 சூன் மாதத்தில் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. டிராம் நின்ற 72 ஆண்டுகளுக்குப் பின் மின்சாரம் மீண்டும் சாலைப் பொதுப் போக்குவரத்துக்கு வந்துள்ளது. எனினும் மாநிலத்தின் மின்சாரத்தில் ஒரு பகுதி எண்ணூர் வட்டாரம் போன்ற இடங்களில் நிலக்கரியை எரித்தே கிடைக்கிறது. அந்நிலை மாறும்வரை, தென்சென்னையில் குறையும் புகையின் ஒரு பங்கை வடசென்னை சுமக்க நேரிடும்.