ஆற்றைத் தந்தவர்கள்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் பங்குகளில் வேன் அமர்த்தும் பேச்சு எழுவது வழக்கம். அன்பியமாயினும் இளைஞர் இயக்கமாயினும் பாடகர் குழுவாயினும் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒன்றே. காலையில் பத்மநாபபுரம் அரண்மனை, அடுத்து மாத்தூர் தொட்டிப்பாலம், நண்பகலில் திற்பரப்பு அருவியில் குளியல், மாலையில் பேச்சிப்பாறை அணை. இவ்வழியே நாமும் பலமுறை இறைமக்களுடன் போய் வந்திருக்கிறோம். இரப்பர் மரங்களின் நிழலில் வேனை நிறுத்திக் கட்டுச்சோற்றைப் பிரிக்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி தனியானதுதான். ஆயினும், இந்த இடங்கள் யாவும் ஒரே தண்ணீரின் கதையில் வரும் அதிகாரங்கள் என்பதை வேனில் செல்வோர் நினைத்துப் பார்ப்பதில்லை. அக்கதையைப் பேச்சிப்பாறையிலிருந்து சொல்லிப் பார்ப்பது நன்று.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து வரும் கோதையாற்றின் குறுக்கே நிற்கிறது பேச்சிப்பாறை அணை. பேச்சி என்னும் சிற்றூர்த் தெய்வத்தின் பெயரை ஏற்ற பாறையே ஊருக்கும் அணைக்கும் பெயராயிற்று. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் இராமவர்மர் காலத்தில், 1897-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. செலவு 26 இலட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். அன்று பெரும் தொகை. முதலில் 42 அடி நீர் தேக்கும்படி அமைந்த அணை பின்னர் 6 அடி உயர்த்தப்பட்டது. நீர்மட்டம் 48 அடி என்று செய்தித்தாளில் நாம் வாசிப்பது அதனால்தான்.

அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின். அவர் 1913-இல் இறந்தார். அவருடைய கல்லறை அணையின் அருகிலேயே இருக்கிறது. அதே காலத்தில் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் பெயரை மதுரை, தேனிச் சீமைகளில் குழந்தைகளும் அறியும். அவருக்குப் பொங்கலிட்டு வணங்குவாரும் உண்டு. மிஞ்சினின் பெயரைக் குமரி மாவட்டத்திலேயே பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேர் அறியார். நன்றியும் சில வேளைகளில் ஊர்பார்த்துத்தான் முளைக்கிறது போலும்.

அணையில் தேங்கிய நீர் கால்வாய் வழியே வந்து புத்தன் அணையில் பறளியாற்று நீருடன் சேர்கிறது. அங்கிருந்து பாண்டியன்கால், பத்மநாபபுரம் புத்தனாறு என்று பிரிந்து, பழையாற்றையும் அனந்தனாற்றையும் தோவாளைக் கால்வாயையும் தொட்டு, நாஞ்சில் நாட்டின் குளங்களை நிறைக்கிறது. பாண்டியன்கால் பாண்டிய மன்னன் ஒருவன் வெட்டியது என்பது வழிவழி வரும் செய்தி. ஆகவே மேற்கே ஓடும் மலையாற்றைக் கிழக்கே நெல்வயலுக்குத் திருப்பும் எண்ணம் பொறியாளர் வருவதற்கு வெகுகாலம் முன்னரே இந்த மண்ணில் இருந்தது. மிஞ்சின் அந்தப் பழைய எண்ணத்துக்குக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு பெரிய வடிவம் தந்தார் எனலாம். பிற்காலத்தில் பறளியாற்றில் பெருஞ்சாணி அணை 1953-இல் எழுந்தது. காமராசர் காலத்தில் திட்டமிடப்பெற்ற மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-இல் அமைந்தது. 115 அடி உயரத்தில், இரண்டு குன்றுகளை இணைத்து, 28 தூண்களின் மேல் பட்டணங்கால் தண்ணீர் பறளியாற்றைக் கடந்து போகிறது. ஆற்றின் மேலே இன்னோர் ஆறு ஓடும் அக்காட்சியைக் காணும் எவரும் சிறிது நேரம் பேச்சற்று நிற்பர்.

இத்தனையும் எதற்காக? நெல்லுக்காக. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இருபோகத்துக்காக. ஆனால் இன்று கால்வாய்க் கரைகளில் நடந்து பார்ப்பவர் காண்பது பெரும்பாலும் தென்னையும் வாழையும் இரப்பரும், புதிதாய்க் கட்டிய வீடுகளுமே. நாஞ்சில் நாட்டு வயல்களின் பெரும்பகுதி கடந்த ஐம்பது ஆண்டுகளில் நெல்லைக் கைவிட்டது. கூலி கட்டவில்லை, உரம் விலையேறிற்று, பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர் என்று உழவர் கூறும் காரணங்களை நாம் மறுக்கவில்லை. எனினும் வயலை மண்ணிட்டு நிரப்பி மனைபோட்டபின் அணையின் நீர் எந்த வயலைத் தேடிப் போகும்?

நெல் எல்லார் வீட்டுக்கும் வந்ததுமில்லை. மலையடிவாரத்தில் பசியாற்றியது மரச்சீனிக் கிழங்கு. போர்த்துக்கீசியர் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த இச்செடியை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் திருவிதாங்கூரில் ஊக்கத்துடன் பரப்பினார். உணவுப் பஞ்சத்துக்கு இது மாற்று என்று அவர் கண்டார். 1942-இல் பர்மா சப்பானியர் கைப்பட்டு அரிசிக் கப்பல்கள் நின்றபோது அவர் கண்டது மெய்யாயிற்று. நம் பங்குகளின் முதியோர் பலர் அந்நாள்களைப் பற்றிப் பேசும்போது, கிழங்கால் வளர்ந்தோம் என்று வெட்கமின்றிச் சொல்வர். வெட்கப்பட அதில் என்ன இருக்கிறது?

பேச்சிப்பாறைச் சாலையோரத்துச் சிறு கடைகளில் இன்றும் அந்த உணவு கிடைக்கிறது. கிழங்கை வேகவைத்து, முதல் நீரை வடித்துக் கொட்டி, தேங்காயும் காந்தாரி மிளகும் சேர்த்து மசித்து, சாளைமீன் குழம்புடன் வாழையிலையில் வைக்கிறார்கள். வடிக்கும் நீரோடு கிழங்கின் நச்சும் போய்விடுகிறது என்பது பழகிய கைகளுக்குத் தெரியும். இந்த இலையில் கடலும் மலையும் ஒன்றாய் இருக்கின்றன. நம் கடற்கரைப் பங்குகளின் பெண்கள் தலைச்சுமையாய்க் கொண்டு சென்ற மீன், மலையடிவாரத்துக் கிழங்கைச் சேர்ந்தபோது இம்மாவட்டத்தின் ஏழைகளுக்கு ஓர் உணவு உண்டாயிற்று. சாதியும் திருச்சபைப் பிரிவும் பார்த்து ஊர்கள் பிரிந்திருந்த காலத்திலும் இந்த இலை பிரியவில்லை.

உணவென்று சொன்னால் சக்கையை விட்டுவிட முடியாது. பலாவை இங்கே சக்கை என்பதே வழக்கு. பேச்சிப்பாறையில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 1996-இல் வெளியிட்ட பேச்சிப்பாறை-1 என்னும் பலா ஆண்டில் இருமுறை காய்ப்பது. அது தேர்ந்தெடுக்கப்பட்டது முளகுமூட்டு நாட்டுப் பலாவிலிருந்து. தூய மரியன்னை ஆலயத்தால் நாம் அறிந்த அதே முளகுமூடுதான்! விரல் நீளமே உள்ள மட்டிப் பழமும் இம்மாவட்டத்துக்கே உரியது. குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழம் அதுவே. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மலைத் தோட்டங்களின் கிராம்புக்கு அதற்கு முன்னரே, 2021-இல் கிடைத்துவிட்டது.

மிளகின் கதை இவற்றினும் பெரிது. இம்மலைச் சரிவுகளில் விளைந்த மிளகின்மேல் கண்வைத்தே டச்சுக்காரர் திருவிதாங்கூரோடு போரிட்டனர். 1741-இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மரிடம் தோற்றுப் பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். பின்னர் மன்னரின் படைத்தலைவரான அவரிடமிருந்தே அரண்மனை அலுவலர் நீலகண்டபிள்ளை கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்டார். வணிகரின் பேராசையையும் இறைவன் தம் வழிக்குப் பயன்படுத்திக்கொண்டார் என்று மறையுரையில் சொல்லலாம். ஆனால் மிளகைக் காட்டிலிருந்து கொண்டுவந்து தந்தவர் யார் என்பதை நம் மறையுரைகள் சொன்னதில்லை.

அவர்கள் காணிமக்கள். அணை நீரின் மேற்பரப்பைக் கரையில் நின்று பார்ப்போர் அதன் அப்பால் தெரியும் மலையில் வீடுகள் உண்டு என்பதை எண்ணுவதில்லை. மோதிரமலை, தச்சமலை, தோட்டமலை, கோதையாறு எனப் பல குடியிருப்புகள் அங்கே இருக்கின்றன. ஊர்த்தலைவரை மூட்டுக்காணி என்பர். நோய் தீர்ப்பவரும் தெய்வத்தோடு பேசுபவருமானவர் பிலாத்தி. கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசி, இரவு முழுவதும் சாற்றுப்பாட்டுப் பாடி நோயாளிக்காக மன்றாடும் வழக்கம் அவர்களிடம் உண்டு. ஒளிந்து திரிந்த நாளில் மார்த்தாண்டவர்மருக்குத் தம் முன்னோர் அடைக்கலம் தந்தனர் என்று அவர்கள் சொல்லி வருகின்றனர். ஓணத்தை ஒட்டித் தேனும் மலைவிளைபொருளும் எடுத்துக்கொண்டு திருவனந்தபுரத்து அரச குடும்பத்தைக் காணச் செல்லும் மரபும் இம்மக்களிடையே உண்டு.

காணி என்னும் சொல்லுக்குத் தமிழில் நிலவுரிமை என்று பொருள். வழிவழி வந்த உரிமை நிலத்தைக் காணியாட்சி என்றனர் நம் முன்னோர். அந்தச் சொல்லையே பெயராகக் கொண்ட மக்களுக்கு நிலத்தின்மேல் உரிமை இல்லாமற் போனது. இதனினும் கசப்பான சொல்விளையாட்டை வரலாறு ஆடியிருக்குமா என்று நாம் வியப்பதுண்டு. அணை கட்டிய நாள்களில் நீர் தேங்கிய பள்ளத்தாக்கு அவர்கள் நடந்து, தேனெடுத்து, பயிர் மாற்றி விதைத்து வாழ்ந்த காடு. வயல்களுக்குக் கிடைத்த நீரின் கணக்கு நூல்களில் இருக்கிறது. அந்தக் காட்டின் கணக்கை எழுதியவர் இல்லை.

அரசர்கள் முதல் நூல் 21-ஆம் அதிகாரத்தில் வரும் நாபோத்தை நாம் அறிவோம். மூதாதையர் விட்டுச்சென்ற திராட்சைத் தோட்டத்தை மன்னனுக்கு விற்க அவன் மறுத்தான். ஆகாபு கொடியவன்தான், என்றாலும் அவன் நாபோத்திடம் முதலில் விலை பேசினான், மாற்றுத் தோட்டம் தருவதாகவும் சொன்னான். காடு முழுவதும் அரசுடைமை என்று சட்டம் எழுதிக்கொண்ட அரசுகளுக்கு அந்தப் பேச்சும் தேவைப்படவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் விடுத்த ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடல், தொல்குடி மக்களின் நிலத்தைப் பாதிக்கும் திட்டங்களில் அவர்களே முதன்மையாகக் கலந்து பேசப்பட வேண்டியவர்கள் என்று கற்பிக்கிறது. அவர்களுக்கு நிலம் விலைப்பொருளன்று, இறைவனும் அங்கே துயிலும் முன்னோரும் தந்த கொடை என்றும் அம்மடல் கூறுகிறது. பேச்சிப்பாறைக்கு இந்தப் போதனை நூறாண்டு தாமதமாக வந்தது.

இம்மக்களின் அறிவுக்கு விலை கிடைத்த ஒரு கதையும் உண்டு. இதே அகத்தியமலைத் தொடரின் கேரளப் பகுதியில், 1987-இல் ஆய்வாளர்கள் காணிமக்களை வழிகாட்டிகளாகக் கொண்டு மலையேறினர். வழிகாட்டிகள் ஒரு செடியின் காயை மென்றபடி களைப்பின்றி நடந்தனர். அதுவே ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்து உருவாகி, 1995-இல் கோவையின் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் வழங்கப்பட்டது. உரிமத் தொகையிலும் வருவாயிலும் பாதி காணிமக்களுக்கென்று முடிவாயிற்று. அதற்கென அறக்கட்டளையும் அமைந்தது. எல்லாக் குடியிருப்புகளையும் கேட்டா செய்தீர்கள் என்ற குறை அவர்களுக்குள்ளேயே எழுந்தது உண்மை. ஆயினும் ஒரு செடியின் இலைக்கும் காய்க்கும் பங்கு உண்டென்று உலகம் ஒப்பிய அரிய நிகழ்ச்சி அது. 1956-இல் மாநில எல்லை வரையப்பட்டபோது ஒரே மக்கள் இரு மாநிலத்தவராயினர். ஒரு செடிக்குப் பங்கு உண்டென்றால் ஓர் ஆற்றுக்கு இல்லையா?

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோரின் உரிமையை ஏற்றது. தமிழ்நாட்டில் அதன் செயலாக்கம் வழக்குகளால் பல ஆண்டுகள் தேங்கி நின்றது. இதற்கிடையே காணிமக்களும் மாறிவிட்டனர். தினை விதைத்த சரிவுகளில் இரப்பர் வைத்து, விடியுமுன் பால்வெட்டி, சிரட்டையில் வடியும் பாலை உறையவைத்துத் தகடாக்கி விற்கிறார்கள். பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். அவர்களைப் பழைய கோலத்தில் காண விரும்பிப் புகைப்படக் கருவியுடன் செல்லும் பயணியர்பால் நமக்கு இரக்கமில்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது மலையின் இரப்பரும் அடிவாரத்து வாழையும் ஓர் இரவில் சாய்ந்தன. அதே வேளையில் நம் கடற்கரைப் பங்குகளின் மீனவர் பலர் ஆழ்கடலில் மாண்டனர். கடலோரத்தில் ஒப்பாரி கேட்டது; ஊடகங்களும் வந்தன, வரவேண்டியதே. மலைக் குடியிருப்புகளில் முறிந்த மரங்களின் நடுவே இருந்தவர்களைச் சென்று கண்டோர் சிலரே.

ஆகவே பயணத் திட்டம் வகுக்கும் இளைஞர்க்கு ஒன்று சொல்வோம். அடுத்த முறை வழியைத் திருப்பிப் போடுங்கள். தேங்காய்ப்பட்டணத்தில், ஆறு கடலைச் சேரும் முகத்துவாரத்தில் தொடங்குங்கள். குழித்துறையில் பாலத்தைக் கடந்து, கோதையாறும் பறளியாறும் கூடும் மூவாற்றுமுகத்தில் இறங்கிப் பாருங்கள். திருவட்டாற்றில் சற்று நில்லுங்கள். திற்பரப்பில் குளியுங்கள், அரைமணி போதும். பேச்சிப்பாறைக்கு மாலையில் சேராமல் உச்சிவேளைக்கே சேருங்கள். மிஞ்சினின் கல்லறையைத் தேடிப் பார்த்தபின், கிழங்கும் மீனும் உண்டுவிட்டு, அனுமதி பெற்று மோதிரமலைப் பக்கம் ஏறுங்கள். அங்குள்ள முதியோர் பேசும் தமிழ் முதலில் சற்று விளங்காது. மலையாளமும் பழந்தமிழும் கலந்தது. பொறுமையோடு அமர்ந்து கேளுங்கள். அவர்களிடம் தேன் வாங்கினால் பேரம் பேசாதீர்கள்.