பூக்கூடையும் ஒற்றைச் சக்கரமும்

ஸ்ரீரங்கம் என்றால் எல்லோருக்கும் ராஜகோபுரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஊரின் வரலாற்றில் நந்தவனத்துக்கும் பெரிய இடம் உண்டு. தொண்டரடிப்பொடி ஆழ்வார் (இயற்பெயர் விப்ரநாராயணர்) இங்கே நந்தவனம் வைத்து அரங்கனுக்கு மாலை கட்டியவர். திருப்பள்ளியெழுச்சியின் கடைசிப் பாட்டில்கூடத் துளசியும் கூடையுமாகத்தான் தம்மைக் காட்டிக்கொள்கிறார்.

சரி, பூ கனக்காது, கூடை போதும். மண்ணுக்கும் எருவுக்கும்?

அதற்கும் கூடைதான்! கூடவே ஒரு சும்மாடு. திருமலையில் பூத்தொண்டு செய்ய யார் போவீர்கள் என்று ஸ்ரீரங்கத்தில் ராமானுஜர் கேட்டபோது எழுந்தவர் அனந்தாழ்வான். அங்கே தோட்டத்துக்காக ஏரி வெட்டினார். அவர் வெட்ட, கர்ப்பிணி மனைவி மண் சுமந்தார். ஒரு சிறுவன் வந்து அந்த அம்மாளின் கூடையை வாங்கிச் சுமந்தானாம். கோபத்தில் அனந்தாழ்வான் வீசிய கடப்பாரை சிறுவனின் மோவாயில் பட்டது. வந்தவன் பெருமாளே என்பது வைணவ மரபு. அந்தக் கடப்பாரை இன்றும் திருமலைக் கோயில் வாசலில் தொங்குகிறது. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் வெட்டுவது ஆண், சுமப்பது பெண் என்ற ஏற்பாடு கதையல்ல.

இதே வேலைக்குச் சீனாவில் ஹான் வம்சக் காலத்திலேயே ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி இருந்தது. அக்காலக் கல்லறைச் செதுக்கல்களில் அதைக் காணலாம். சீன வண்டியில் பெரிய சக்கரம் நடுவில் இருக்கும், பாரம் முழுக்கச் சக்கரத்தின் மேல். ஐரோப்பாவுக்கு அது வர 12, 13-ஆம் நூற்றாண்டு ஆகிவிட்டது. அங்கே சக்கரம் முன்னால் போனது. அதனால் பாரத்தில் ஒரு பங்கு தள்ளுபவர் கையில் ஏறும். இன்று நம் கடைகளில் கிடைப்பது இந்த ஐரோப்பிய வகைதான்.

ஆங்கிலேயர் ஆட்சியில் ரயில் பாதைக்கு மண் அடித்த காலத்தில் ஒரு கேலிக்கதை உலவியது. கூலியாட்களிடம் தள்ளுவண்டி கொடுத்தால் அதையும் தலையில் தூக்கிக்கொண்டு போனார்களாம்! சிரித்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. மண் வேலைக்கு வந்தது தனி ஆள் அல்ல, குடும்பம். ஆண் வெட்ட, பெண்ணும் பிள்ளைகளும் சுமந்தார்கள். வெட்டிய அளவுக்குக் கூலி. தள்ளுவண்டி வந்தால் சுமப்பவர்களின் கூலி போகும். சரிவான கரையில் கூடை ஏறும், சக்கரம் ஏற வேண்டுமானால் பலகை போட வேண்டும். பெண்களின் உழைப்பு மலிவாகக் கிடைத்தவரை வண்டி வாங்க யாருக்கும் அவசரமில்லை.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள தீவு ஸ்ரீரங்கம், வண்டல் பூமி. இந்த மண்ணில் மெல்லிய இரும்புச் சக்கரம் புதையும். காற்றடைத்த அகலமான டயர்தான் நல்லது. பாரத்தைக் கைப்பிடிப் பக்கம் குவிக்காமல் சக்கரத்தை ஒட்டி வைத்தால் கைக்குச் சுமை குறையும். ஈர எருவாக இருந்தால் தொட்டியை நிரப்பாமல் முக்கால் அளவு போட்டால் போதும். தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்க வேண்டும்.