மரப் பேனாக் கடைசல்

சதுரமாக அறுத்த சிறு மரக்கட்டையின் நடுவே துளையிட்டு, பித்தளைக் குழாய் ஒட்டி, கடைசல் இயந்திரத்தில் உருட்டிக் கடைந்து, முனை, கிளிப், மூடி, திருகு முதலிய உலோகப் பாகங்களைப் பொருத்திப் பேனா ஆக்கும் கைத்தொழில் மரப் பேனாக் கடைசல். மரப் பகுதி கடைபவரின் கைவேலை. உலோகப் பகுதி பெரும்பாலும் ஆலையில் செய்து, ‘கிட்’ என்ற பெயரில் தொகுப்பாக விற்கப்படுவது. வாங்குபவரின் கண் மரத்தின் நிறத்திலும் ரேகையிலும்தான் முதலில் விழும். அந்தப் பேனா எத்தனை ஆண்டு எழுதும் என்பதை முடிவு செய்வது உள்ளே இருக்கும் உலோகம். இத்தொழிலின் வரலாறும் இதையே சொல்கிறது: மரம் பேனாவை விட்டு விலகியதும், பல பத்தாண்டுகள் கழித்துத் திரும்பி வந்ததும் உள்ளுறுப்புகளால்தான்.

கட்டைப் பேனாவின் காலம்

மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடையும் முறை மிகப் பழையது. எகிப்தில் பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில், ஒருவர் கயிற்றை இழுத்துச் சுழற்ற இன்னொருவர் உளி பிடிக்கும் காட்சி இருக்கிறது; காலம் ஏறத்தாழ கி.மு. 300. நம் பக்கத்தில் அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான்களும் கர்நாடகத்துச் சன்னபட்டணப் பொம்மைகளும் இதே கடைசல் மரபில் வந்தவை.

பேனாவுக்குக் கடைசல்காரர் பெருமளவில் தேவைப்பட்டது 19ஆம் நூற்றாண்டில். இறகுப் பேனாவுக்குத் தனிப் பிடி வேண்டியதில்லை. இறகின் தண்டே பிடி. 1820களில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜான் மிட்செல், ஜோசப் கில்லட், ஜோசையா மேசன் போன்றவர்கள் எஃகு நிப்புகளை இயந்திரத்தில் அடித்துத் தள்ளத் தொடங்கினார்கள். நிப்பு மலிந்தது. அத்தனை சிறிய நிப்பை வெறுங்கையால் பிடித்து எழுத முடியாது. அதைச் செருகக் கடைந்த மரப்பிடி தேவைப்பட்டது. மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதிய தலைமுறை தமிழ்நாட்டில் ‘கட்டைப் பேனா’ என்று சொன்னது இதைத்தான்.

கட்டைப் பேனாவில் மரம் நிலைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. மை நிப்போடு நின்றுவிடும், மரத்துக்குள் போகாது.

மரம் விலகியது

மையைப் பேனாவின் வயிற்றுக்குள்ளேயே நிரப்பும் முயற்சி வெற்றி பெற்றதும் நிலைமை மாறியது. மரம் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் நீளவாக்கில் அநேகமாக அசையாது, குறுக்குவாக்கில் உப்பும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் உப்பாது. வட்டமாகக் கடைந்தது நீள்வட்டமாகும். மரத்தில் வெட்டிய மெல்லிய மரை உதிரும். அன்றைய இரும்பு மையில் அமிலத் தன்மை வேறு. மையை நேரடியாகத் தாங்கும் உடலாக இருக்க மரத்துக்குத் தகுதியில்லை.

அந்த இடத்தைப் பிடித்தது எபோனைட். ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்துச் சூடாக்கினால் அது கொம்பு போல் இறுகும். இதற்கு நெல்சன் குட்இயர் 1851இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். மையை உறிஞ்சாது, அமிலத்துக்கு அசையாது, உளிக்கு இணங்கும், மரை நன்றாக நிற்கும். 1884இல் நியூயார்க்கின் லூயிஸ் வாட்டர்மேன் மை சீராக இறங்கும் நாக்கு அமைப்புக்குக் காப்புரிமை பெற்றபோது, பேனா உடலுக்கு எபோனைட்டே இயல்பான பொருளாக இருந்தது. கடைசல் இயந்திரம் அதே இடத்தில் நின்றது; அதில் பூட்டிய பொருள் மட்டும் மாறியது.

இந்தியாவில் கையால் கடைந்த பேனாக்களின் பெருமை இந்த எபோனைட்டைச் சார்ந்தே வளர்ந்தது. ஆந்திரத்தின் ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் 1932இல் தொடங்கிய பட்டறை சுதேசிப் பேனாவுக்குப் பெயர் பெற்றது; 1935இல் காந்தி அவருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். சென்னை பாரிமுனையின் ஜெம் அண்ட் கம்பெனி ‘காமா’ பேனாக்களால் அறியப்படுகிறது. திருவள்ளூரின் ரங்கா பேனாக்களை இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். மரப் பேனா கடைகிறவர் ஒருமுறையாவது எபோனைட் கடைபவரின் பட்டறையில் நின்று பார்க்க வேண்டும். மரை வெட்டும் நுணுக்கத்தை அங்கேதான் கற்க முடியும்.

குழாய் வந்தது, மரமும் வந்தது

ஹங்கேரியரான லாஸ்லோ பிரோ 1938இல் பால்பாயின்ட் பேனாவுக்குக் காப்புரிமை கோரினார். 1945 அக்டோபர் 29 அன்று நியூயார்க்கின் கிம்பல்ஸ் கடையில் ரெனால்ட்ஸ் பால்பாயின்ட் 12.50 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. மரத்தின் கோணத்தில் பார்த்தால் இதில் முக்கியமானது ரீஃபில். மை முழுவதும் ஒரு மூடிய குழலுக்குள் அடங்கிவிட்டது. வெளி உடல் எதனாலும் இருக்கலாம் என்றாயிற்று. பார்க்கர் நிறுவனம் 1954இல் ‘ஜாட்டர்’ பேனாவைக் கொண்டுவந்தது. அதன் ரீஃபில் வடிவம் பிற்பாடு ஜி2 என்ற பெயரில் பன்னாட்டுத் தர அளவாகி, பல நிறுவனங்கள் ஒரே அளவில் செய்ய வழிவிட்டது. நிப்புப் பேனாவிலும் மை அடைத்த கார்ட்ரிட்ஜ் அதே விடுதலையைத் தந்தது. ஜப்பானின் பைலட் நிறுவனம் 1971இல் மேப்பிள் மரத்தில் ‘கஸ்டம் கயேதே’ என்ற நிப்புப் பேனாவை வெளியிட்டது இந்த மாற்றத்தின் நல்ல அடையாளம்.

ஆலைகளிலிருந்து வீட்டுப் பட்டறைக்கு இது இறங்கியது அமெரிக்காவில், பெரும்பாலும் 1990களில். மேசைமேல் வைக்கும் சிறு கடைசல் இயந்திரங்கள் வந்தன. பாகங்கள் தொகுப்பாகக் கிடைத்தன. அந்தப் பாகங்களில் பெரும்பகுதி தைவானிலும், பின்னர் சீனாவிலும் தயாரானது. முதலில் பரவலான வகை ‘ஸ்லிம்லைன்’: 7 மில்லிமீட்டர் துளை, இரண்டு பித்தளைக் குழாய்கள், திருகினால் வெளியே வரும் கிராஸ் வகை ரீஃபில். இன்றும் கடைசல் பழகுபவர்கள் இதில்தான் கை வைக்கிறார்கள்.

கடையும் முறை

ஏறத்தாழ முக்கால் அங்குலச் சதுரமும் ஐந்து அங்குல நீளமும் உள்ள கட்டையை இரண்டாக அறுப்பார்கள். ரேகை கடைசியில் ஒன்றோடொன்று சேர வேண்டுமென்றால், அறுத்த இடத்தில் பென்சிலால் குறி போட்டுவிடுவது அவசியம். குறி அழிந்தால் பிறகு எந்த முனை எதனோடு என்று கண்டுபிடிக்க முடியாது. துளையிடும்போது அவசரம் கூடாது. டிரில் பிட்டை அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்டாவிட்டால் சூடேறி மரம் உள்ளிருந்து வெடிக்கும். துளை மறுபுறம் வெளிவரும் இடத்தில் சில்லும் பெயரும். பித்தளைக் குழாய் பளபளப்பாக இருந்தால் பசை பிடிக்காது. ஆகவே அதை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, எபாக்சியோ சயனோஅக்ரிலேட் பசையோ தடவி, சுழற்றிக்கொண்டே செருகுவார்கள். ஈட்டி, கோகோபோலோ போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரமென்றால் முதலில் துளையை அசிட்டோனால் துடைப்பது வழக்கம்.

பசை இறுகிய பின் கட்டையின் முனைகளைக் குழாயின் விளிம்போடு செங்குத்தாகச் சீவ வேண்டும். இந்த ஒரு வேலையில்தான் பலருடைய பேனா கெடுகிறது. முனை இம்மி சாய்ந்தாலும் நடு வளையத்துக்கும் மரத்துக்கும் இடையே மெல்லிய கோடாக இடைவெளி தெரியும். அதை எந்தப் பாலிஷும் மறைக்காது. பிறகு அச்சுக்கம்பியில் கட்டைகளையும் ‘புஷ்’ எனும் அளவு வளையங்களையும் கோத்து, நிமிடத்துக்கு 2,000 முதல் 3,000 சுற்று வேகத்தில் கடைவார்கள். புஷ்ஷின் விட்டத்துக்கு மரம் இறங்கினால், பொருத்தப்போகும் உலோகத்தோடு மட்டமாக நிற்கும். நாளாக நாளாக புஷ்களும் உப்புத்தாள் பட்டுத் தேயும் என்பதால், தேர்ந்தவர்கள் அவற்றை நம்பாமல் உலோகப் பாகத்தையே காலிப்பரில் அளந்து வைத்துக்கொள்கிறார்கள்.

மெருகுக்குப் பழைய வழி அரக்கும் மெழுகும். கண்ணுக்கு இதமாக இருக்கும், ஆனால் வியர்வைக் கையில் சில மாதங்களில் மங்கிவிடும். இப்போது பலர் சயனோஅக்ரிலேட் பசையையே அடுக்கடுக்காகப் பூசி, நீர்விட்டு மிக நுண்ணிய தாள்களால் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்குகிறார்கள். அது நீடிக்கும். மரத்தைத் தொடும் உணர்வு மட்டும் போய்விடும். தொடுவது பிளாஸ்டிக் தோலை. எண்ணெய்ப் பூச்சு அடிக்கடி பராமரிப்பு கேட்டாலும், மரப் பேனாவை மரமாகவே வைத்திருப்பது அதுதான்.

பாகங்களின் தரம்

கிட்டின் விலையில் காணும் பெரிய வேறுபாடு முலாமிலிருந்து வருகிறது. மலிவான தொகுப்புகளில் 24 காரட் தங்க முலாம் என்று அச்சிட்டிருக்கும். பெயர் கவர்ச்சியானது, ஆனால் சொக்கத்தங்கம் மென்மையான உலோகம், பூச்சும் மிக மெல்லியது. விரல் படும் முனையிலும், சட்டைப்பையில் உரசும் கிளிப்பின் நுனியிலும் முதலில் தேயும். அடியிலிருக்கும் நிக்கலின் வெள்ளை எட்டிப் பார்க்கும். 10 காரட் தங்கம் கலப்பு உலோகம் என்பதால் அதைவிடக் கடினமானது. தங்க நிறமே வேண்டுமென்றால் டைட்டானியம் நைட்ரைடு பூச்சே சிறந்தது. அதில் தங்கம் துளியும் இல்லை. டிரில் பிட்டுகளின் மேல் காணும் அதே பொன்னிறப் பூச்சு அது. வெற்றிடத்தில் ஆவியாகப் படியவைப்பது. உலோகத்தை வெட்டும் கருவிக்கே பாதுகாப்புத் தருவது விரலுக்கு எளிதில் தேயாது. வெள்ளை நிறத்தில் ரோடியம் விலை கூடியது, மங்காதது. குரோமியம் விலை குறைவு. உழைப்பில் எந்தத் தங்கப் பூச்சுக்கும் சளைத்ததில்லை. தினமும் எழுதும் பேனாவுக்குக் குரோமியமே போதும்.

முலாமுக்கு அடியில் இருப்பது பித்தளையா, துத்தநாக வார்ப்பா என்பது அடுத்த கேள்வி. மரை இருக்கும் பாகத்தில் இதன் வேறுபாடு தெளிவாகத் தெரியும். பித்தளையில் வெட்டிய மரை கூர்மையாக, பளிச்சென்று இருக்கும். மூடி திருகும்போது ஓசையின்றி இறங்கும். வார்ப்பு மரையின் முகடு மழுங்கியிருக்கும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு பக்கவாட்டில் தெரியும். உலோக மூடியை பிளாஸ்டிக் மரையில் மாட்டும் அமைப்புகள் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

திருகுப் பேனாவின் உயிர் அதன் திருகு பொறி. பொருத்தும் முன்பே ரீஃபிலை அதில் மாட்டி, கையில் பிடித்துப் பலமுறை திருகிப் பார்க்க வேண்டும். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே இறுக்கம் இருக்க வேண்டும், முடிவில் நின்றதும் பின்னோக்கி நழுவக்கூடாது. எழுதும்போது ரீஃபில் உள்ளே வாங்குகிறதென்றால் காரணம் இந்தப் பொறிதான். மரத்துக்குள் அழுத்திப் பொருத்திய பின் அதை எடுப்பது கடினம். பலவேளை மரமும் சேர்ந்து போகும். ஜி2 ரீஃபில் ஏற்கும் அமைப்பையே நான் பரிந்துரைப்பேன்: பத்தாண்டு கழித்தும் எந்த ஊரிலும் மாற்று ரீஃபில் கிடைக்கும்.

பாகங்கள் குழாய்க்குள் அழுத்தத்தில் நிற்க வேண்டியவை. மிகத் தளர்வாக இருந்தால் பசை தேவைப்படும். மிக இறுக்கமாக இருந்தால் மெல்லிய மரச்சுவர் பிளக்கும். குழாயின் உட்புறம் பசைப் பிசிறு ஒட்டியிருந்தால்கூடப் பிளக்கும். பொருத்தும் முன் உட்புறத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யாததால் முடிந்த பேனா கடைசி நிமிடத்தில் கீறல் விடுவது இத்தொழிலில் அடிக்கடி நடப்பது. கிளிப்புக்குச் சுருள்வில் குணமுள்ள தகடு வேண்டும். தடித்த துணியில் செருகி எடுத்த பின் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். வார்ப்பு கிளிப் திரும்பாது, ஒடியும்.

நிப்புப் பேனா தொகுப்புகளில் நிப்பே பலவீனமான இடம். பல நிப்புகளில் இரிடியம், ஜெர்மனி என்ற சொற்கள் பொறித்திருக்கும். அந்த எழுத்தைத் தரச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்தால் இரு இதழ்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, முனை மணி நடுவில் பிளந்திருக்கிறதா என்பது தெரியும். காகிதத்தில் எல்லாத் திசையிலும் கோடிழுத்தால் கீறுகிறதா என்பது தெரியும். தரமான நிப்பு வேண்டுவோர் கிட்டில் வந்ததைக் கழற்றி, ஹைடல்பர்க்கின் போக் அல்லது பெர்லினின் ஜோவோ நிப்பை மாட்டுகிறார்கள். இந்த ஒரு மாற்றத்தால் சாதாரணப் பேனாவும் நல்ல பேனா ஆகிவிடும்.

மரம்

பேனாவுக்கு வைரம் பாய்ந்த கட்டையே வேண்டும். வெளிறு மென்மையாக இருக்கும், பூச்சியும் அதைத்தான் நாடும். ஈட்டி நன்றாகக் கடையும். கருங்காலி அழகு, ஆனால் கோபக்கார மரம்: உப்புத்தாளை அழுத்திப் பிடித்தால் ஏறும் சூட்டிலேயே மயிரிழை வெடிப்புகள் விடும். கோகோபோலோவின் தூள் பலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். முகமூடியில்லாமல் தொடக் கூடாது. பனையின் கருத்த நார்கள் உளியில் தனித்தனியாகப் பிய்யும் என்பதால் மெல்லிய பசையை ஊறவிட்டுக் கடைய வேண்டும்.

அரிய மரங்களின் வணிகத்துக்குப் பன்னாட்டுக் கட்டுப்பாடு உண்டு. செம்மரம் 1995 முதல் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. ஈட்டி அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுதும் 2017 ஜனவரி 2 முதல் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019இல் சில முடிந்த பொருள்களுக்குத் தளர்வு கிடைத்தது. பேனாவுக்குத் தேவையோ உள்ளங்கை நீளக் கட்டை. அதற்காக மரம் வெட்ட வேண்டியதேயில்லை. இடித்த வீட்டின் கதவுச் சட்டம், உத்தரம், புயலில் சாய்ந்த புளியின் வைரம் எல்லாம் உதவும். பழைய வீட்டு மரம் பல பத்தாண்டு உலர்ந்திருப்பதால் கடைந்த பின் கோணுவதும் குறைவு. ஆணி இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து கறுத்த கறை ஆழமாக இறங்கியிருக்கும். ஆகவே அறுக்கும் முன் காந்தத்தை வைத்துக் கட்டையை நீளவாக்கில் தடவிப் பார்த்து, ஆணியுள்ள பகுதியைக் கழித்துவிடுவார்கள்.