தோட்டத்து முகங்களும் நிழற்படக்காரரும்

வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால், கல்லில் பெயர் பொறிக்க மன்னரும் ஏட்டில் புகழ் பாடப் புலவரும் வாய்க்காத மக்களின் வரலாற்றை எங்கே தேடுவது? இலங்கையின் பெருந்தோட்டங்களிலே பல தலைமுறைகளாக உழைத்து வாழ்ந்துவரும் தமிழ் மக்களைக் குறித்து இவ்வினாவை எழுப்புவோர், ஊர்க் கடைவீதியிலுள்ள நிழற்படக்காரரின் இருட்டறையையும் ஒருமுறை எட்டிப் பார்த்தல் வேண்டும். விடையின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது.

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே அமைந்த ஊர் எஹலியகொட. சுற்றிலும் றப்பர்த் தோட்டங்கள், தேயிலை மலைகள், வயல்கள், மாணிக்கக் குழிகள். 1912ஆம் ஆண்டு அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி வரை அமைக்கப்பட்ட ஒடுங்கிய புகையிரதப் பாதை இவ்வூரையும் தொட்டுச் சென்றது. 1970களில் அப்பாதை கைவிடப்பட்ட போதிலும், சாலை வழியே ஊர் வளர்ந்தது. சம்பளம் போட்ட மறுநாள் தோட்டத்து மக்கள் அரிசியும் துணிமணியும் வாங்க இறங்கிவரும் இத்தகைய ஊர்களில், நகைக்கடைக்கும் தையற்கடைக்கும் நடுவே ஒரு ஸ்டூடியோவும் இருப்பது வழக்கம். கடைத் திறப்பு, பாடசாலை வகுப்புப் படம், திருமணம், கோயில் திருவிழா, மரணவீடு ஆகிய யாவற்றுக்கும் அழைக்கப்படுபவர் அந்த ஸ்டூடியோக்காரரே.

இத்தொழில் கடந்துவந்த பாதையை ஒரே கேள்வியைக் கொண்டு அளந்துவிடலாம். படத்துக்குக் காசு கொடுத்தவர் யார் என்பதே அக்கேள்வி.

1839ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் திகதி பாரிஸ் நகரிலே டாகேர் என்பாரின் நிழற்பட முறை உலகறிய வெளியிடப்பட்டது. 1850களின் தொடக்கத்திலேயே பிரெடரிக் பீபிக் என்பவர் இலங்கையின் காட்சிகளைப் படமாக்கினார். 1860களின் பிற்பகுதியில், அரசாங்க அச்சகத் தலைவரின் மகனான வில்லியம் லூயிஸ் ஹென்றி ஸ்கீன், தம் பெயரால் ஒரு நிழற்பட நிறுவனத்தைக் கொழும்பில் நடத்தினார். சார்ள்ஸ் ஸ்கோவன் 1870களில் கண்டியிலே தொழில் தொடங்கினார். 1890இல் தோன்றிய பிளாட்டே நிறுவனம் அஞ்சலட்டைப் படங்களுக்குப் பேர்பெற்றது.

அக்காலத்தில் படம் எடுப்பது எளிதான காரியமன்று. 1851இல் பிரெடரிக் ஸ்கொட் ஆச்சர் என்ற ஆங்கிலேயர் கண்ட முறைப்படி, கண்ணாடித் தகட்டிலே பசைத் திரவத்தைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் கமராவில் வைத்துப் படம் பிடித்து, அந்த ஈரத்தோடேயே கழுவி எடுத்தாக வேண்டும். மலைச்சரிவில் படம் பிடிப்பதாயின் இருட்டறைக் கூடாரமும், மருந்துப் போத்தல்களும், கண்ணாடிப் பெட்டிகளும், கனத்த மரக் கமராவும் உடன் செல்ல வேண்டும். இத்தனை செலவையும் தாங்கக்கூடியவர் யார்? தோட்டச் சொந்தக்காரரும், இலண்டனிலிருந்த கம்பனிகளும், 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கிய வெளிநாட்டுப் பிரயாணிகளுமே அன்றைய வாடிக்கையாளர்கள்.

வாடிக்கையாளர் விரும்பியதையே நிழற்படக்காரர் எடுத்தார். 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் தாக்கியது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் வர்த்தகப் பயிராக நட்ட தேயிலை, பின்னர் கோப்பியின் இடத்தைப் பிடித்தது. புதிய சரக்குக்கு உலகச் சந்தையில் விளம்பரம் தேவைப்பட்டது. ஒழுங்காக வெட்டிய தேயிலை மலை, வெள்ளை பூசிய தொழிற்சாலை, கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் என்று படங்கள் பெருகின. 1907இல் இலண்டனிலிருந்து ஆர்னல்ட் ரைட் என்பவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்த இலங்கை பற்றிய பெருநூலொன்றில் வர்த்தக நிறுவனங்களும் தோட்டங்களும் பக்கம் பக்கமாகப் படத்துடன் இடம்பெற்றன. உரிமையாளரின் பெயரும் தோட்டத்தின் பரப்பும் அவற்றில் உண்டு. இத்தகைய படங்களின் கீழே தொழிலாளரைக் குறிக்க, ‘தமிழ்க் கூலிகள்’, ‘கொழுந்து பறிக்கும் பெண்’ என்ற பொதுப் பெயர்களே போதுமென்று கருதப்பட்டன. கமராவை நேராக நோக்கி நின்ற அப்பெண்ணுக்குத் தாய் தந்தையர் இட்ட பெயர் எதுவென்று எழுதிவைக்க எவருக்கும் தோன்றவில்லை.

விலைக்காகவன்றிக் கலைக்காகப் படமெடுத்தவரின் கமராவிலும் இக்குறை நேர்ந்தது. உலகப் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கமரன், 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்து களுத்துறையிலே வசித்தார். இங்கிலாந்தில் இருந்தபோது டெனிசன், டார்வின் முதலிய பெருமக்களைப் படம் பிடித்துப் பெயர் பெற்றவர் அவர். களுத்துறைக் கிராமத்தவர் மூவரை அவர் எடுத்த படமொன்று இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. சிறுமியின் வயது 12 என்றும், முதியவர் தம்மை நூறு வயதினர் என்று கூறுகிறார் என்றும் அதிலே குறிப்பு உண்டு. பெயர்கள் மட்டும் இல்லை. 1879 ஜனவரியில் மறைந்த கமரன் அம்மையார் பொகவந்தலாவையிலுள்ள தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இதே மக்களை நிர்வாகம் எவ்வாறு அடையாளங் கண்டது என்பதையும் இங்கே ஒப்புநோக்கல் தகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கையில், சிறிய தகர வில்லையொன்று கொடுத்தனுப்பும் முறை ஏற்பட்டது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். இவ்வாறாக, வில்லையில் எண் இருந்தது, முகம் இல்லை. அஞ்சலட்டையில் முகம் இருந்தது, பெயர் இல்லை. ஒரு மனிதரின் முகமும் பெயரும் ஒரே இடத்தில் சேர்வதற்கு இன்னும் நெடுங்காலம் செல்ல வேண்டியிருந்தது.

இதற்கிடையில் தொழில்நுட்பம் மாறியது. உலர் தகடு வந்தது. 1888இல் அமெரிக்காவிலே ஜோர்ஜ் ஈஸ்ட்மன் கொடக் கமராவை அறிமுகம் செய்தார். சுருள் பிலிமும் வந்தபின் கருவியின் விலையும் கனமும் குறைந்தன. ஐரோப்பியரின் தனிச்சொத்தாயிருந்த தொழில் உள்நாட்டவர் கைக்கு வந்தது. புகையிரதமும் பஸ் வண்டியும் எட்டிய சிறுநகரங்களில் ஸ்டூடியோக்கள் தோன்றின.

அப்போதும் தோட்டத்துக்குள்ளே நிழற்படக்காரரை அழைத்தவர் பெரும்பாலும் நிர்வாகத்தினரே. துரை மாற்றலாகிச் செல்லும்போது எடுக்கப்படும் பிரியாவிடைப் படத்தைப் பார்த்தவர்கள் அதன் ஒழுங்கை அறிவர். நடுவே மாலையணிந்த துரை, இருபுறமும் நாற்காலிகளில் உத்தியோகத்தர், பின்னே தலைப்பாகையுடன் கங்காணிமார், ஓரத்திலோ தரையிலோ தொழிலாளர். தோட்டத்தின் படிநிலையை இதைவிடத் தெளிவாக எந்த அறிக்கையும் எடுத்துரைத்ததில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் நின்ற வரிசையே கமராவுக்கு முன்னும் நின்றது.

பின்னர் ஒரு மாற்றம் வந்தது. தொழிலாளர் தாமே காசு கொடுத்துப் படமெடுக்கலாயினர். படமெடுத்தால் ஆயுள் குறையும் என்ற பழைய அச்சம் மெல்ல அகன்றது. திருமணம் முடித்த இளையோர் ஸ்டூடியோவுக்கு வந்தனர். அங்கே சுவரிலே மாளிகையும் தடாகமும் தீட்டிய திரைச்சீலை, மரக்காலில் நின்ற பூச்சாடி, சாய்வு நாற்காலி எல்லாம் காத்திருந்தன. சீப்பும் கண்ணாடியும் பவுடர் டப்பாவும் ஒரு மூலையில் இருக்கும். கோட்டு இல்லாதவருக்குக் கோட்டும் அங்கேயே கிடைக்கும். இவற்றையெல்லாம் போலி ஆடம்பரம் என்று நகைப்போர் உண்டு. நிமிர்ந்து அமர்ந்திருக்கும் தம்பதியின் முகத்தைச் சற்று நேரம் நோக்கினால் அந்நகைப்பு அடங்கிவிடும். துரையின் முன்னிலையில் அமர்ந்து பேசும் வழக்கமே இல்லாத ஒருவர், தம் கூலிக் காசிலே நாற்காலி பெற்று அமர்ந்த தருணம் அது.

பூப்புனித நீராட்டு விழாவுக்கும், பிள்ளையின் முதற் பிறந்தநாளுக்கும், தீமிதிக்கும் நிழற்படக்காரர் தோட்டத்துக்கே சென்றார். மூத்தோர் இறந்தால், சடலத்தைச் சூழ உறவினர் நிற்க எடுக்கும் படமும் வழக்கமாயிற்று. எடுத்த படத்தின் நெகடிவ்வைப் பென்சிலால் திருத்துவதும், கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வர்ணம் தீட்டுவதும் தொழில் நுணுக்கங்கள். கண்ணாடிச் சட்டமிட்ட படம் லயத்துச் சுவரிலே சாமிப் படங்களின் அருகில் இடம்பெற்றது. மற்றொரு பிரதி தபாலில் கடல் கடந்து, திருச்சியிலோ சேலத்திலோ உள்ள உறவினர் வீட்டுக்குப் போயிற்று.

ஸ்டூடியோவின் கணக்குப் புத்தகமும் இங்கே கவனத்துக்குரியது. பெயர், தோட்டம், திகதி, எத்தனை பிரதி, எவ்வளவு முற்பணம் என்று வரிவரியாக எழுதுவது தொழில் முறை. தோட்டத்துச் செக்ரோலில் நாட்கூலிக்காகவும், கடைக்காரர் ஏட்டிலே கடனுக்காகவும் எழுதப்பட்ட பெயர், இங்கே காசு கொடுத்து வேலை வாங்கியவரின் பெயராக எழுதப்பட்டது.

அரசாங்கமும் முகத்தைக் கேட்கத் தொடங்கிய காலம் துன்பம் நிறைந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்படி விண்ணப்பித்தோர், இடையறாது இங்கே வசித்தமைக்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் நிலை 1974இல் தீர்மானிக்கப்பட்டது. கடவுச்சீட்டுக்குப் படம் தேவைப்பட்டது. திருமணப் படமெடுத்த அதே திரையை மடித்து வைத்துவிட்டு, வெறுஞ் சுவரின் முன்னே அதே மனிதரை நிறுத்தி எடுத்தார் நிழற்படக்காரர். பிரியுமுன் ஒன்றாக நின்று கடைசிப் படம் எடுத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதத்தை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். 1984இல் கப்பற் போக்குவரத்து நின்றபோது, ஒப்பந்தப்படி செல்ல வேண்டியோரில் பலர் இங்கேயே தங்கிவிட்டனர்.

1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. பிறப்புச் சான்றிதழும் பிரசாவுரிமையும் இல்லாத தோட்டத்து மக்களுக்கு அது எட்டாக் கனியாகவே நெடுங்காலம் இருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோர் என்ற நிலையை நீக்கின. முகம், பெயர், எண் ஆகிய மூன்றும் ஒரே அட்டையில் உரிமையுடன் சேர்ந்தன. அவ்வட்டைக்குரிய படத்தை இன்று பதிவுபெற்ற ஸ்டூடியோக்களே எடுத்துக் கணினி வழியாகத் திணைக்களத்துக்கு அனுப்புகின்றன. சிறுநகர நிழற்படக்காரரின் வாழ்வுக்கு எஞ்சியுள்ள ஊன்றுகோல்களில் இதுவும் ஒன்று.

ஏனெனில், தொழில் மறுபடியும் மாறிவிட்டது. 2012 ஜனவரியில் கொடக் நிறுவனமே கடனிறுக்க வழியின்றி நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. கையடக்கத் தொலைபேசி எல்லோர் கையிலும் கமராவைத் தந்தது. அது நன்மையே. ஆனால் முதிய நிழற்படக்காரர் ஒருவர் கடையை மூடும்போது, நெகடிவ் பெட்டிகளும் கணக்குப் புத்தகமும் எங்கே போகின்றன? ஈரமும் கறையானும் நிறைந்த சப்ரகமுவ மழைநாட்டில் அவை நெடுநாள் நிலைப்பதில்லை. தமிழகத்திலே, 1880 முதல் 1980 வரை ஸ்டூடியோக்களில் எடுக்கப்பட்ட படங்களைத் தேடிக் கணினியில் பதிவுசெய்யும் பணியைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் உதவியுடன் மேற்கொண்டது. இங்கே அத்தகைய பணியைப் பாடசாலைகளும் தோட்டத்து வாசிகசாலைகளும் சிறிய அளவிலேனும் தொடங்கலாம்.

அதற்கு முன்னே, ஒவ்வொரு வீட்டிலும் செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. சுவரிலுள்ள பழைய படத்தை இறக்கி, அதில் இருப்போர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று வீட்டு மூத்தோரிடம் கேட்டு, பின்புறத்தில் பென்சிலால் எழுதிவைப்பதே அது. சொல்லக்கூடியவர் உயிரோடிருக்கும் போதே இது நடைபெற வேண்டும். ஸ்கீனும் ஸ்கோவனும் எழுதாது விட்ட பெயர்களை இனி எவராலும் மீட்க இயலாது. லயத்துச் சுவரிலே தொங்கும் படத்தில் இருப்பவரின் பெயரோ, அவ்வீட்டுப் பாட்டியின் நினைவில் இன்றும் இருக்கிறது.