கொழு

கொழு என்பது நாட்டுக் கலப்பையின் அடிமரத்தில் பள்ளம் எடுத்துப் பதிக்கப்பட்டு, மண்ணை முதலில் கிழித்துச் செல்லும் கூர்முனை இரும்புப் பட்டையின் பெயராகும். காறு என்பது இதற்குரிய மற்றொரு சொல். மலையாளத்தில் கொழு என்றும் கன்னடத்தில் குள என்றும் இச்சொல் வழங்குகிறது. பருத்தலைக் குறிக்கும் 'கொழுத்தல்' ஒலியால் மட்டுமே இதற்கு உறவு.

சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் கொழுவுக்கு உடும்பின் முகத்தை உவமை ஆக்குகிறார். தட்டையாகத் தொடங்கி முன்னே ஒடுங்கும் அதன் வடிவை இதைவிடச் சுருக்கமாகக் காட்டுவது அரிது. கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது ஏரின் உறுப்புகளைத் தனித்தனியே புகழும்போது கொழுவுக்கும் ஓர் இடம் தருகிறது. ஆனால் இச்சொல் உழவோடு நின்றுவிடவில்லை. நூலுக்கு முன் பாயிரம் கேட்க வேண்டுவது ஏன் என்பதை விளக்கும் தொல்காப்பிய உரையாசிரியர் இளம்பூரணர், கொழு துளைத்த வழியே துன்னூசி, அதாவது தைக்கும் ஊசி, தடையின்றிச் செல்வதை எடுத்துக்காட்டுகிறார். அங்கே கொழு தோலைத் துளைக்கும் தடித்த இரும்பூசியாகும். நிலமாயினும் தோலாயினும் முன்னே புகுந்து வழி திறக்கும் இரும்பு என்பதே இரு வழக்குக்கும் பொதுவான கருத்தாகத் தோன்றுகிறது.

மீண்டும் உழவுக் கொழுவுக்கு வருவோம். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூரின் கரிசலிலும், அரியலூரில் முந்திரி நிற்கும் ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண்ணிலும், மழையை நம்பிய உழவு மிகுதி. ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டிய இத்தகைய நிலத்தில் மழுங்கிய கொழு மேலாகவே கீறிச் செல்லும் என்பதால், கோடை மழைக்கு முன்பே அது கொல்லனின் உலைக்குப் போகும். அங்கே நுனி சிவக்கக் காய்ச்சப்பட்டு, அடித்து நீட்டப்பட்டு, தண்ணீரில் தோய்க்கப்படும். உழ உழத் தேயும் கொழுவை, அதை இறுக்கும் பூணைத் தளர்த்தி முன்னுக்குத் தள்ளிக் கொள்ளலாம். நாட்டுக் கலப்பை மண்ணைப் புரட்டாமல் கீறிப் பிளக்க மட்டுமே செய்வதால் சால்களுக்கிடையே உழப்படாத திட்டு நிற்கும். குறுக்கே மறு உழவு வேண்டியதும் அதனால்தான்.

டிராக்டர் வந்தபின் கலப்பையை 'ஐந்து கொத்து', 'ஒன்பது கொத்து' என்று எண்ணும் பேச்சே மிகுந்து, கொழு பின்தங்கியது. எனினும் அடிமண்ணின் இறுகிய அடுக்கை உடைக்கும் உளிக்கலப்பையை விவரிக்கும் வேளாண் கையேடுகள், தேய்ந்தால் கழற்றி மாற்றக்கூடிய அதன் நுனியைக் கொழு முனை என்றும் அதைப் பிடித்திருக்கும் தண்டைக் கொழு தாங்கி என்றும் குறிக்கின்றன.